சிவப்புப் புள்ளி இல்லாத காலனி

அரசாங்கத் தாள் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் நல்லதாக நாலு வார்த்தை இருக்கும், நமக்கு வைத்திருப்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் என்பது என் எண்ணம். இதற்காக என் கணவர் என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. தன் கல்யாணப் பத்திரிகையையே திருப்பிப் பார்த்த பெண் இவள் ஒருத்திதான் என்பார். பார்த்தேன்தான். பின்னால் அச்சகத்தின் விலாசம் இருந்தது.

நான் சொல்ல வந்த படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதனாலேயே என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இன்று கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற இடங்களில் அப்போது வேர்க்கடலைக் கொல்லையும் ஏரியும்தான். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி, அரை மைல் தள்ளி மேட்டில் ஊர். காலனியில் பாதிக் குடும்பங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவை, எங்கள் வீடும் அதில் சேர்த்தி. மீதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். கஷ்டம் வரும்போது இரண்டு பாதிக்கும் வித்தியாசம் பார்த்து வந்ததில்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் காலனியில் இருந்த பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சொந்த இடத்திலேயே வேலை கிடைத்ததற்குப் பின்னால் யாருடைய சிபாரிசு இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பற்றியும் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

அம்மா, அப்பா இருவரும் அப்போதே இல்லை. வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர். அண்ணன் கல் குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றுவார், விடியும்போது போனால் விளக்கு வைத்த பிறகு வருவார். அண்ணி மணிமங்கலம் பக்கத்துப் பெண், என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஏழாம் நாள், ஒன்று எட்டாம் நாள். இரண்டும் நன்றாக அழுது பிறந்து, நன்றாகப் பால் குடித்து, திடீரென்று ஒரு நாள் வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் போனவை. அந்தப் படிவம் வந்தபோது அண்ணிக்கு மூன்றாவது முறையாக மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எங்கள் வீட்டில் வேறு வேண்டுதலே இல்லை.

காலனியில் பிரசவம் பார்த்தது, களையெடுக்கவும் அறுப்புக்கும் போகிற ஒரு அம்மாள். பொறுமைசாலி, கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். ஆனால் தொப்புள்கொடி அறுக்க அவரிடம் இருந்தது கதிர் அறுக்கிற அரிவாள்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தண்டலம் பக்கம் நடந்துபோய் பஸ் பிடிக்க வேண்டும். வலியெடுத்த பெண் பஸ்ஸுக்காக எங்கே நிற்பது?

இந்த நிலையில் யூனியன் ஆபீஸில் எல்லாப் பள்ளி ஆசிரியர்களையும் கூப்பிட்டார்கள். சேர்மன் எழுந்து பேசினார். யூனியனுக்குப் புதிதாக ஒரு நர்சம்மா வேலை அனுமதியாகி வந்திருக்கிறது, ஒரு நர்சு, ஒரே ஒரு ஊர்.

"சிபாரிசு எதுவும் எடுபடாது. எந்த ஊர்ல பச்சப்புள்ளைங்க அதிகமா சாவுதோ அந்த ஊருக்குத்தான் மொதல்ல. இருக்கறவன் ஊருக்கே எல்லாம் போயிக்கிட்டிருந்தா இல்லாதவன் எப்பதான் எழுந்திருக்கறது? வீடு வீடா போயி எழுதிக்கினு வாங்க" என்றார்.

இவ்வளவு நியாயமான பேச்சை நான் அதுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை. அதனால் நம்பவில்லை. எங்கள் காலனிக்கு எது முதலில் வந்திருக்கிறது? குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்து ஆறு வருடம் கழித்து எங்களுக்கு வந்தது. அதிலும் ஊர்க் குழாயை மூடிய பிறகுதான் தண்ணீர் வரும்.

அதோடு, சேர்மன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர். இரண்டு மாதம் முன்னால் ஜீப்பில் வந்து, காலனி ஆண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். போனவர்கள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியோடு திரும்பி வந்தார்கள். அதில் கல்யாணமே ஆகாத ஒருவனும் இருந்தான் என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. மொத்தப் பிரசவம், உயிரோடு இருப்பது, இறந்தது. மொத்தப் பிரசவம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நர்சம்மா என்பது வெல்லம். அதைக் காட்டி, யார் வீட்டில் பிரசவம் அதிகம் என்று பட்டியல் எடுக்கிறார்கள், அடுத்த ஜீப் நேரே அந்த வீடுகளுக்கு வரும். இப்படி நினைத்தேன். என் சாமர்த்தியத்தை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போனேன். வாசலில் நின்று முதலில் படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தினி புள்ளைன்னு கேட்டா உசுரோட கீறத மட்டும் சொல்லுங்க. போனத சொல்லாதீங்க" என்றேன். அப்புறம் படிவத்தைப் பிரித்து, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி கேள்வி கேட்டேன். பெண்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை என் யோசனைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டில் இருந்தவள் என்னோடு ஐந்தாவது வரை படித்தவள். அவள் மட்டும் கேட்டாள். "செத்தத இன்னாத்துக்கு டீச்சர் கேக்கறாங்கோ? எழுதி வச்சா அதுங்க திரும்பிப் பாக்காதா?"

"அதுக்குத்தான் எழுத வேணான்றேன்" என்றேன். அவள் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசியாக எங்கள் வீட்டுப் படிவம். அண்ணி அடுப்பில் இருந்தார். மொத்தப் பிரசவம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுக் காட்டினேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பூஜ்யம் தெரியும். என் தட்டில் இன்னும் ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். கூட்டம் நடக்கிற அறையின் சுவரில் யூனியன் படம் ஒட்டியிருந்தது. பெரிய அட்டைத்தாளில் ஏரிகளை நீலத்திலும் ரோடுகளைக் கறுப்பிலும் வரைந்து, ஒவ்வொரு இறந்த குழந்தைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். விரிவாக்க அலுவலர் ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்து தன் கையால் செய்த வேலை அது. பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில் புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி நெருக்கமாக இருந்தன. எங்கள் ஏரியை முதலில் கண்டுபிடித்தேன், அதன் கரையில் எங்கள் காலனியைக் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"உங்க காலனி குடுத்து வச்சது டீச்சர். ஒரு சாவுகூட இல்லையே" என்றார் சேர்மன். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டுச் சொன்னார்.

நர்சம்மா ரோட்டோர ஊருக்குப் போவது என்று பேசி முடித்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் காலனியிலிருந்து அந்த ஊர் பத்து மைல்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் படத்தில் எங்கே ஏமாற்று இருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்தேன். ரோட்டோர ஊரில் சேர்மனுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், காண்டிராக்டர் யாராவது கட்டடத்துக்கு அடி போட்டிருப்பார்கள், இப்படியே யோசித்தேன். ஆபரேஷன் ஜீப் எந்த வீட்டுக்கும் வரவில்லையே என்று நடுவில் நினைவு வந்தது. படிவத்தை வாங்கினார்கள், சொன்னபடி புள்ளி வைத்தார்கள், சொன்னபடி அதிகம் புள்ளி விழுந்த ஊருக்குக் கொடுத்தார்கள். அதில் பொய் என்று ஒன்றுதான் இருந்தது. அது நான் எழுதியது. அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே எதிர் வீட்டிலிருந்து ஆரம்பித்து மறுபடி கேட்கப் போனேன். உண்மையைச் சொன்னால் நர்சம்மா நமக்கு வருவார் என்று விளக்கிச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன தபா நீதான சொல்லாதன்ன? இப்ப சொல்லுன்ற. உனுக்கு எவன் இன்னா குடுத்தான்?"

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். மூன்று வீட்டுக்கு மேல் போக முடியவில்லை. அண்ணியிடம் கேட்டேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், கை நின்றுவிட்டது.

"வவுத்துல ஒண்ணு கீது. இந்த நேரத்துல போயி அதுங்கள கூப்புட சொல்றியா?" என்றார். அவ்வளவுதான்.

கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்குமே என்று சாமியாரிடம் போனேன். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் போன குழந்தைகளின் பெயர் புத்தகத்தில் ஏறுவதில்லை, அவற்றைக் கல்லறைத் தோட்டத்திலும் புதைப்பதில்லை. ஏரிக்கரைச் சரிவில்தான் புதைப்பார்கள். மண்ணைத் தவிர அந்தக் குழந்தைகளுக்கு எங்குமே கணக்கில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

பள்ளியில் திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து நகம், பல், காது பார்ப்பது வழக்கம். அந்தத் திங்கட்கிழமை ஒரு பையனின் மோவாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலது மூக்கில் மெல்லிய செப்புக் கம்பி வளையம் இருந்தது. அவனை ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன், கம்பியையும் பார்க்கிறேன். ஆனால் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் குழந்தை தங்காத வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்து ஒன்று பிறந்தால் அதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தற்செயலாக வருகிற மாதிரி வந்து, "யாருதிது, கேப்பாரில்லாம கெடக்குது" என்று எடுத்துக்கொண்டு, ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். ஆணானாலும் பெண்ணானாலும் அன்றைக்கே மூக்கைக் குத்தி, கம்பி போட்டு, வளர்க்கச் சொல்லித் தாயிடமே திருப்பிக் கொடுப்பாள். இது ஒன்றுக்கும் உதவாத குழந்தை, தவிட்டுக்கு விற்றது, இதை எடுத்துப்போய் என்ன ஆகப்போகிறது என்று சாவு நம்பிவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாடகமும். சாமியார் பிரசங்கத்தில் இதைத் திட்டாத வருடம் இல்லை. கழுத்தில் மாதா சுரூபமும் மூக்கில் செப்புக் கம்பியுமாகப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த பிள்ளையைப் பார்த்தேன், கம்பி. அதற்கடுத்தவனுக்குக் கம்பி இல்லை, துளை இருந்தது. ஒரு பெண் குழந்தைக்கு, மூக்குக் குத்துகிற வயது வர இன்னும் பல வருடம் இருக்கும்போதே குத்தித் தழும்பு ஆறியிருந்தது. வரிசை முடிவதற்குள் என் கண் மங்கிவிட்டது. படிவத்தில் நான் எழுதாமல் விட்ட குழந்தைகள் எல்லாம், தங்கள் தம்பி தங்கைகளின் மூக்கில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். என் அண்ணன் மூக்கிலும் அந்தத் துளை இருக்கிறது. அண்ணனுக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்கு எத்தனை போயிற்று என்று நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி யூனியன் ஆபீஸுக்குப் போய், படம் வரைந்த விரிவாக்க அலுவலரைப் பார்த்தேன். நான் எழுதியது பொய் என்று சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சலில் சொன்னதாகக் கதை கட்ட விரும்பவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, அன்னிக்கு ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுத்த. நர்சு வேற ஊருக்குப் போவுதுன்னதும் ஏகப்பட்டது இருக்குதுன்ற. உங்க அண்ணி முழுகாம இருக்காங்களாமே?"

இதை அவருக்கு யார் சொன்னது என்று அந்த நேரத்திலும் என் மனசு ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தது. ஆமாம், இருக்கிறார் என்றேன். பிறகு மூக்குக் கம்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. அவருடைய கை தானாக எழுந்து வலது மூக்கைத் தடவியது. கிட்டத்தில் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, தூர்ந்துபோன சின்னத் துளை ஒன்று அங்கே இருந்தது. அவர் எங்கள் ஆளில்லை, மேட்டுத்தெருக்காரர். அந்த வழக்கம் எங்கள் காலனியோடு சரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

"செவ்வாக்கெழம வர்றேன். பிள்ளைங்கள ஆப்சென்ட் ஆகாம பாத்துக்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் மட்டும் வருவார் என்று நினைத்தேன். ஹெல்த் இன்ஸ்பெக்டரும் கூட வந்தார், அதே ஜீப்பில். ஜீப்பைப் பார்த்ததுமே காலனி விழித்துக்கொண்டது. பிள்ளைகளை வெளியே நிற்க வைத்து, இன்ஸ்பெக்டர் பென்சிலால் ஒவ்வொரு மோவாயையும் நிமிர்த்தி மூக்கைப் பார்த்தார். அலுவலர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார், ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் கிளம்பும் முன்பே தாய்மார்கள் வந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. ஆளுக்கு ஆள் தங்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எதிர் வீட்டுக்காரி மட்டும் என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள்.

"குப்பைல போட்டு மறைச்சு வச்சிகினு கீறோம். ஜீப் வச்சி காட்டிக் குடுத்துட்டியே" என்றாள்.

சாவை ஏமாற்றப் போட்ட நாடகத்தை நான் பகலில், அரசாங்க ஆட்கள் முன்னால், சத்தமாக உடைத்துவிட்டேன். அதை நான் நம்புகிறேனா என்பது பேச்சே இல்லை, அவர்கள் நம்பினார்கள். மறுநாள் வகுப்பில் நான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். நான்கு மூக்கிலும் துளை இல்லை.

அன்று வீட்டில் அண்ணி சோறு போட்டார். தட்டை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அப்படித்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சேர்மன் படத்தில் எங்கள் காலனியைச் சுற்றிச் சிவப்பு பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். எத்தனை என்று தெரியாததால் புள்ளி வைக்கவில்லை. அலுவலர் நோட்டில் விழுந்த கோடுகளே ரோட்டோர ஊரின் புள்ளிகளைத் தாண்டியிருந்ததால், நர்சம்மா எங்களுக்கு என்று தீர்மானமாயிற்று. ரோட்டோர ஊர்க்காரர்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள், காலனிக்காரர்கள் பொய் சொல்லி வாங்கிவிட்டார்கள் என்று. அவர்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்கள். உண்மை சொன்ன ஊருக்கு நர்சு போகவில்லை, பொய் எழுதிய ஊருக்கு வந்தார். அந்த ஊரில் அந்த வருடம் எத்தனை தொட்டில் காலியாயிற்றோ, அதில் எனக்கும் பங்குண்டு. யார் என்ன சமாதானம் சொன்னாலும் இந்த எண்ணம் என்னை விட்டதில்லை.

நர்சம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாதா கோயிலை ஒட்டிக் காலியாக இருந்த ஓட்டு வீட்டில் குடிவைத்தார்கள். ஸ்டவ்வில் கத்தரிக்கோலும் நூலும் ஊசியும் வேகவைத்துத் தயாராக உட்கார்ந்திருப்பார். ஒருவரும் போகவில்லை. அந்த வீட்டில் போடுகிற ஊசி பிள்ளை பிறக்காமல் செய்கிற ஊசி என்று பேச்சு கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சுக்கு விதை நான் போட்டது. வாசலில் நின்று மடித்த படிவத்தோடு நான் சொன்ன வார்த்தைகள்தான் வளர்ந்து அப்படி ஆகியிருந்தன.

ஏழாம் மாதத்தில் அண்ணிக்குக் கால் வீங்கியது. நர்சம்மாவிடம் காட்டச் சொல்லி அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் குவாரிக்குப் போனார். பகலில் கூடப் போக என்னை விட்டால் ஆளில்லை. அண்ணி முன்னால் நடக்க, நான் பத்தடி பின்னால் போனேன்.

நர்சம்மா கால்களை அழுத்திப் பார்த்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்துக்கொண்டார். "இதுக்கு முன்ன எத்தன பேறு தாயி? எல்லாம் சொகமா இருக்கா?"

அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னாத்தாம்மா எனக்கு வழி தெரியும். எந்த மாசம், எத்தன நாள்ல, எப்படிப் போச்சுன்னு தெரியாம நான் என்ன செய்ய?"

நான் வாயைத் திறந்தேன். இரண்டு, ஏழாம் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று என்று சொல்லத்தான். முதல் வார்த்தை வருவதற்குள் அண்ணி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். என் பக்கம் திரும்பவில்லை. நர்சம்மாவிடம்தான் பேசினார்.

"இவங்கள வெளிய போவச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

இவங்க என்றார். நான்கு வருடமாக நீ, வா, போ என்று என்னிடம் பேசியவர். நான் வெளியே வந்தேன், கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வெகுநேரம் மெல்லிய குரல் கேட்டது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. இரண்டு குழந்தையைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. எனக்குத் தெரியாமல் வேறு போயிருக்கிறதா, மணிமங்கலத்தில் தாய் வீட்டில் இருந்தபோது ஏதாவது நடந்ததா என்று மனசு உடனே துருவ ஆரம்பித்தது. அந்த நேரத்தில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நர்சம்மா கதவைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது. "வாயடைச்சுப் போறதுக்கு ஊசி இருக்கு. தாய்க்குப் போட்டா பிள்ளைக்குச் சேரும். இன்னிக்கு ஒண்ணு போட்டாச்சு. அடுத்த மாசம் இன்னொண்ணு. வலி கண்டதும் இங்கதான் கூட்டிட்டு வரணும்" என்றார். அண்ணி தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே என்னைக் கடந்து நடந்தார்.

இரண்டாவது ஊசிக்கும் நான்தான் கூடப் போனேன், பத்தடி பின்னால். நாள் நெருங்கியதும் ஒரு காலையில் வலி எடுத்தது. மதியத்துக்குள் அந்த ஓட்டு வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. வேகவைத்த கத்தரிக்கோலால் கொடி அறுத்தார்கள். வாசலில் எதிர் வீட்டுக்காரியும் இன்னும் நாலைந்து பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லபடியாக அழுதது. மற்ற இரண்டும் அப்படித்தான் அழுதன என்பதால் எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை.

ஏழாம் நாள் போயிற்று. எட்டாம் நாள் நான் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் திரும்ப வரத் தொடங்கியிருந்தார்கள், அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று நினைவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே போகக் கால் வரவில்லை. அழுகைச் சத்தம் கேட்கவில்லை, வேறு சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சின்னதாக, விடாமல், ஒரு சப்புகிற சத்தம் கேட்டது.

பாய்ந்து உள்ளே போனேன். அண்ணி சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கன்னம் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று குனிந்தேன்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினார்.